களைப்பு: இல்லை

மார்ச் 3, திங்கள்

இன்று அறுநூற்று நாற்பது கிலோமீட்டர். புதுக் கார் மகாராணி அலுங்காமல் குலுங்காமல் போனாள். தொட்டால் பாய்கிற எஞ்சின், ஆனால் உள்ளே ஊசி விழுந்தால் கேட்கும். ஒரே நாளில் ஆயிரம் கிலோமீட்டர் போய் இறங்கினாலும் முதுகு பிடிக்காது என்று சொல்லித்தான் இந்தக் காரை விற்கப்போகிறார்கள். அது உண்மையா என்று என் முதுகை வைத்துப் பார்ப்பது என் உத்தியோகம். உட்கார்ந்தே சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நான்தான் என்று வீட்டில் இவருக்கு எப்போதும் கிண்டல்.

மதிப்பெண் தாளில் இடுப்பு 9, கழுத்து 9, தொடை 8, சத்தம் 10. பத்து வருஷத்தில் சத்தத்துக்கு நான் பத்து போட்டது இந்தக் காருக்குத்தான். கடைசிக் கேள்வி களைப்பு. ‘இல்லை’ என்று எழுதினேன். பக்கத்து சீட்டில் என்னோடு சோதனைக்கு வருகிற பஞ்சு. தொடைக்கு அடியில் ஒரு தையல் தூக்கியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவான், அதனால் அந்தப் பெயர். வழி முழுக்கத் தூங்கினான். வீட்டில் கைக்குழந்தை, பாவம்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. ஆற்றுப் பாலத்தை எப்போது கடந்தோம்?

மார்ச் 4, செவ்வாய்

பாலம் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம். ஓட்டியது நான். எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

மார்ச் 6, வியாழன்

 இன்று நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

மதியம் மூன்று மணி. நல்ல வெயில், நேரான ரோடு, மணிக்கு நூற்று நாற்பது. கண்ணை மூடியது எனக்குத் தெரியாது. திறந்ததுதான் தெரியும் — ரோட்டோரத்தில் வெட்டியிருக்கும் வரிகள் சக்கரத்தில் தடதடவென்று அடித்தன. நிமிர்ந்தால் எதிரே, ஓரமாக நிறுத்தியிருந்த லாரி. ஸ்டியரிங்கை ஒடித்தேன். பக்கக் கண்ணாடிக்கும் லாரிக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். லாரிக்காரர் பின் சக்கரத்துப் பக்கத்தில் குந்தி எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். அவர் முகம் தெரியவில்லை. முதுகுதான் தெரிந்தது. நீலச் சட்டை.

பஞ்சு அசையக்கூட இல்லை. குறட்டை.

வண்டி கோட்டைத் தாண்டினால் சீட்டை அதிரவைக்கிற எச்சரிக்கை மகாராணியில் உண்டு. ஓட்டத்துக்கு முன்னால் நாங்களே அதை அணைத்துவிடுவோம். அந்த அதிர்வு சீட்டின் மதிப்பெண்ணைக் கெடுக்கும் என்று எங்கள் பிரிவில் பழக்கம். எத்தனையோ வருஷமாக அணைக்கிறோம், யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

தாளில் எழுதினேன், களைப்பு: இல்லை. பொய்யும் இல்லையே. இறங்கும்போது நன்றாகத் தூங்கி எழுந்த மாதிரிதான் இருந்தது. தூங்கித்தானே எழுந்தேன், பாவி.

மார்ச் 7, வெள்ளி

உடம்பு சரியில்லை என்று லீவு போட்டேன். வெளியே லாரி சத்தம் கேட்டாலே ஜன்னலைச் சாத்துகிறேன்.

சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். எங்களோடு இருந்த மீசைக்காரர், கொஞ்சம் கண் அசந்துவிட்டது என்று ஒரே ஒரு தடவை வாய்விட்டார். கம்பெனி டாக்டர் அவருடைய ஓட்டுநர் அட்டையை வாங்கி வைத்தவர் திருப்பித் தரவே இல்லை. இப்போது கிடங்கில் டயர் எண்ணிக்கொண்டிருக்கிறார். எனக்கு நாற்பத்தேழு வயசு. வேறென்ன தெரியும் எனக்கு? உட்காரத் தெரியும்.

அதைவிடப் பயம் வேறு. அப்பா கடைசி இரண்டு வருஷம் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போவார். வாயில் கவளம் இருக்கும்போதே. எனக்கும் அதுதானா? இவ்வளவு சீக்கிரமாவா?

மார்ச் 9, ஞாயிறு

நாத்தனார் வீட்டுக்குப் போய்வந்தோம். எங்கள் ஓட்டைக் காரில் போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். இவருக்கு நெடுஞ்சாலையில் ஓட்டப் பயம், எப்போதும் நான்தான். தொடையைக் கிள்ளிக் கிள்ளி ஓட்டினேன். ஒரு கொட்டாவி கூட வரவில்லை. கதவிடுக்கில் காற்று ஊளையிட்டது, இடுப்பு விட்டுப்போயிற்று, கண் மட்டும் கொட்டக் கொட்ட முழித்திருந்தது.

கண்ணாடியில் என்னை நானே பார்த்துக்கொண்டேன். நோயாளி மாதிரி தெரியவில்லை. அப்பாவும் அப்படித் தெரிந்ததில்லை.

மார்ச் 10, திங்கள்

கடைசி ஓட்டம் வெள்ளிக்கிழமை என்று தலைமைப் பொறியாளர் அறிவித்துவிட்டார். ஆயிரத்து நூறு கிலோமீட்டர். கடைசி ஓட்டத்துக்கு மட்டும் வீட்டு ஆள் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைப்பது எங்கள் வழக்கம். சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லாம் பூசி மெழுகுவார்கள், வீட்டு ஆள் மட்டும்தான் இடுப்பு வலித்தால் வலிக்கிறது என்பார் — இது சாருடைய கணக்கு.

இந்தத் தடவை என் முறை. இவரிடம் சொன்னதும் முகமெல்லாம் பல்.

மார்ச் 11, செவ்வாய்

இவர் வெள்ளிக்கிழமைக்குச் சட்டை தேய்த்து மாட்டி வைத்திருக்கிறார். நீலச் சட்டை.

மார்ச் 12, புதன்

யாருக்கும் தெரியாமல் வெளி டாக்டரைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். தூக்கப் பரிசோதனை செய்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம், அதற்கு மூன்று வாரம் காத்திருக்கணுமாம். எனக்கு இருப்பது இரண்டு நாள்.

காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா? சொன்னால் பஞ்சு ஓட்டுவான். பக்கத்தில் அவன் மனைவி உட்காருவாள். மடியில் குழந்தை இருந்தாலும் இருக்கும். ஐயோ, என்ன யோசிக்கிறேன், அவன் தூங்கமாட்டானே, எனக்குத்தானே வியாதி. அப்படியானால் காய்ச்சல் என்றே சொல்லிவிடேன், ஏன் சொல்லமாட்டேங்குறே? ஒரு நாள் லீவு போடலாம். அப்புறம்?

மார்ச் 13, வியாழன்

சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் சமையலறையில், இவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். “நாளைக்கு என்கூட வராதீங்க. நான் வண்டில தூங்கிடுறேன்” என்றேன். பாலம், லாரி, நீலச் சட்டை, அப்பா, எல்லாம் கொட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். குழாயை மூடிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். பஞ்சுவும் தூங்குவானா? தினமும். நம் காரில் தூக்கம் வந்ததா? இல்லை.

“கண்ணாடிய எறக்குவீங்களா?”

சத்தத்துக்கு மதிப்பெண் போடுகிற வண்டியில் யாராவது கண்ணாடியை இறக்குவார்களா? இல்லை என்றேன்.

“எங்க கொட்டகையில கதவ மூடி வெச்சா ஆளுங்க இப்படித்தான் சொக்கி விழுவாங்க” என்றார்.

இவருக்குக் காளான் பண்ணையில் வேலை. காளானும் மூச்சு விடுமாம். அந்தக் கெட்ட காற்று கொட்டகையில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்ட, உள்ளங்கை அகலத்தில் ஒரு மீட்டர் வைத்திருக்கிறார்கள். இரண்டாயிரத்தைத் தாண்டினால் கதவைத் திறந்துவிட வேண்டும். நாளைக்கு அதைக் கொண்டுவருகிறாராம். வராதீங்க என்று எவ்வளவோ கெஞ்சினேன். தனியாக விடமாட்டேன் என்கிறார், பிடிவாதம். அப்படியானால் ஒரே ஒரு மணி நேரம்தான், மீட்டரில் மூவாயிரம் வந்தால் ஓரங்கட்டிவிடுவேன் என்றேன். தலையாட்டினார்.

மார்ச் 14, வெள்ளி

முதல் வேலையாக எச்சரிக்கையை உயிர்ப்பித்தேன். மதிப்பெண் நாசமாகப் போகட்டும்.

கிளம்பும்போது மீட்டரில் நானூற்று ஐம்பது. ஊர் எல்லை வரை அப்படியே நின்றது. நெடுஞ்சாலையில் ஏறி நூற்று முப்பதைத் தொட்டதும் ஏறத் தொடங்கியது. இவர் வானொலி செய்தி வாசிப்பவர் மாதிரி படித்துக்கொண்டே வந்தார். ஆயிரத்து இருநூறு. ஆயிரத்து எண்ணூறு. நடுவில் சீட்டைத் தடவி, “நம்ம வீட்டு சோஃபா தோத்துச்சு போ” என்றார். இரண்டாயிரத்து நூறில் கொட்டாவி விட்டார். எனக்கு இமை கனத்தது. அந்தக் கனம் எனக்குத் தெரிந்த கனம். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, ஆனால் கண் மட்டும் சுகமாக, சுகமாக மூடப் பார்க்கிறது. அந்தச் சுகத்தைப் போல ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை. பேசுங்க என்று கத்தினேன். இவர் பேசவில்லை. திரும்பிப் பார்த்தால் கழுத்து சாய்ந்திருக்கிறது. மடியில் மீட்டர், இரண்டாயிரத்து தொள்ளாயிரம்.

ஓரங்கட்டி நான்கு கதவையும் திறந்தேன். எண் சரசரவென்று இறங்கியது. இவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, தூங்கவே இல்லையே என்றார். ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுது தீர்த்தேன். உயிர் போய் உயிர் வந்தது. என் உடம்பில் ஒன்றுமில்லை. இல்லைதானே?

திரும்பும்போது கண்ணாடியை இறக்கியே வந்தோம். எழுபதுக்கு மேல் போகவில்லை.

மார்ச் 17, திங்கள்

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், லாரியையும் சேர்த்து. மீட்டரை மேசையில் வைத்தேன். அவர் மாற்றங்கள் எழுதிவைக்கும் கோப்பை எடுத்துவரச் சொன்னார். வேகம் நூற்றிருபதைத் தாண்டினால் வெளிக்காற்று வரும் துளையின் மூடி தானாகச் சாத்திக்கொள்ளும்படி பிப்ரவரியில் மாற்றியிருக்கிறார்கள். உள்ளே இருக்கிற காற்றே சுற்றிச் சுற்றி வரும். கண்ணாடி இரட்டை, கதவு ரப்பர் மூன்று அடுக்கு, எங்கிருந்து புதுக்காற்று வரும்?

ஏன் மாற்றினார்கள் என்பதற்கு ஒரு தாள் இணைத்திருந்தது. ஜனவரி 21 தேதி போட்ட மதிப்பெண் தாள்.

‘இடது காற்றுத் துளையில் சீறல். 120க்கு மேல் சகிக்கவில்லை. இதை ஒழித்துக்கட்டினால் சத்தத்துக்குப் பத்து போடுகிறேன்.’

என் கையெழுத்து. அந்த லாரிக்காரர் முதுகுக்கு நேராக நான்தான் அந்த வண்டியைத் திருப்பிவிட்டிருக்கிறேன், ஜனவரியிலேயே.

வெளியே வந்ததும் பஞ்சு பின்னாலேயே வந்தான். “அக்கா, நானும் ரெண்டு தடவ ஓட்டும்போதே தூங்கியிருக்கேன். குழந்தையாலதான்னு நெனச்சேன். அட்டை போயிடும்னு சொல்லல” என்றான். அவனைத் திட்ட வாயெடுத்தேன். எந்த வாயால் திட்டுவது? இரண்டு பேருடைய அட்டையையும் கம்பெனி டாக்டர் வாங்கி வைத்துக்கொண்டார். தூக்கப் பரிசோதனை முடிகிற வரை கிடங்கு. மீசைக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, வா என்றார். அவர் தூங்கியது எந்தக் கார் என்று கேட்கணும் என்று நினைத்தேன். இன்னும் கேட்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பரிசோதனையில் ஒன்றுமில்லை. அட்டை வந்துவிட்டது, பஞ்சுவுக்கும். காற்றுத் துளையின் மூடியைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். இன்று அறுநூற்று நாற்பது கிலோமீட்டர், எச்சரிக்கையோடு. லாரி நின்ற இடம் வந்தபோது ஸ்டியரிங்கில் கை வழுக்கியது, அவ்வளவு வியர்வை. பாலத்தில் விளக்குக் கம்பங்கள் நாற்பத்திரண்டு. பஞ்சுவும் எண்ணினான், நாற்பத்தொன்று என்று சண்டை பிடித்தான்.

இடுப்பு 9, கழுத்து 9, தொடை 8.

சத்தம் 6. இடது காற்றுத் துளையில் சீறல். இருக்கட்டும், கை வைக்க வேண்டாம்.

களைப்பு: உண்டு.