ரத்த சோகை மாத்திரை

மார்ச் 4

மாதக் கணக்கு முடித்தேன். பால், சோப்பு, மின்சாரம் எல்லாம் நேராக நிற்கின்றன. கொழுந்தன் சின்னவனின் மாத்திரை மட்டும் இடிக்கிறது. மூன்று மாதத்துக்கு வாங்கியது இந்நேரம் தீர்ந்திருக்க வேண்டும். முக்கால்வாசி அப்படியே கிடக்கிறது.

கேட்டேன். சின்னவன் முகம் கொடுக்கவில்லை. "அம்மா என் ரூம்லதான இருக்காங்க அண்ணி. டப்பாவப் பாத்தா மருந்துக் கடையில காட்டி விசாரிச்சுடுவாங்க."

விசாரிப்பார்தான். தீப்பெட்டி வாங்கினாலும் குச்சியை எண்ணுகிறவர் என் மாமியார். அவன் எச்.ஐ.வி.யோடு வாழ்வது எனக்கும் இவருக்கும் மட்டும்தான் தெரியும். யார் கேட்டாலும் ரத்த சோகை மாத்திரை. அத்தையிடம் சொல்லமாட்டேன் என்று சாமிமேல் ஆணையிட்டுக் கொடுத்திருக்கிறேன்.

டப்பா இனி என் அலமாரியில்.

மார்ச் 5

அத்தை குளிக்கப் போனதும் மாத்திரை கொடுத்தாயிற்று. ஆண்டவன் அந்தக் குளியலை நீட்டித் தருகிறான்.

மார்ச் 19

சின்னவன் பட்டறையிலிருந்து மதியமே வந்துவிட்டான். காய்ச்சல், தலைவலி. வெயில்தான் என்கிறார் அத்தை.

மார்ச் 20

வெயில் இல்லை.

காலையில் ஜன்னலைத் திறந்ததும் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினான். கழுத்து மரக்கட்டை மாதிரி, குனியவே இல்லை. என்னைப் பார்த்து "யாரு நீங்க?" என்றான். வண்டி பிடித்து அள்ளிக்கொண்டு போனோம்.

மூளையைச் சுற்றிய சவ்வில் கிருமி தாக்கியிருக்கலாம், முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார் டாக்டரம்மா. அதற்குள்ளேயே மருந்து ஏற ஆரம்பித்துவிட்டது. வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டார்.

"ரத்த சோகைக்கு" என்றார் இவர். வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய நாக்கு, தானாகவே சொல்லிவிட்டது. டாக்டர் எழுதிக்கொண்டார். அத்தை பக்கத்திலேயே நிற்கிறார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா? டாக்டரோ அடுத்த கட்டிலுக்குத் திரும்பிவிட்டார். சாமிமேல் இட்ட ஆணை?

அதை ஆண்டவன் என் பற்றுக் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்.

"ரத்த சோகை இல்ல டாக்டர். எச்.ஐ.வி. நடுவுல மாத்திரையையும் விட்டுட்டான்."

டாக்டர் சட்டென்று திரும்பினார். "நல்லவேளை சொன்னீங்க. இன்னொரு மருந்து சேக்கணும். காசநோய், பூஞ்சை, அதெல்லாமும் பாத்துடணும்."

இவர் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். அத்தை வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

மார்ச் 21

முதுகுநீர் கலங்கலாக வந்ததாம். பாக்டீரியாதான். சரியான மருந்துதான் ஏறுகிறது என்கிறார்கள். இன்னும் நினைவு திரும்பவில்லை. இவர் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், சாப்பாடு கட்டிக் கொடுத்தேன், சாப்பிட்டார்.

பிழைத்துவிடுவான். எனக்குத் தெரியும்.

தெரியுமா? ஆண்டவா, கைய விட்டுறாத. இப்ப விட்டுறாத.

மார்ச் 23

கண் திறந்தான். "அண்ணி, பசிக்குது."

மார்ச் 27

இடது காது போய்விட்டது. வலதும் மந்தம். இந்த நோய் பிழைத்தவர்களில் சிலருக்கு இப்படி ஒரு குறையை வைத்துவிட்டுப் போகுமாம்.

அத்தைக்குத் தெரிந்துவிட்டதை வலது காதோரம் குனிந்து சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "சத்தியம் பண்ணீங்களே அண்ணி."

"பண்ணேன். நீ போயிருந்தா அத யாருக்குக் காப்பாத்துறது?"

அத்தை இத்தனை நாளில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். எத்தனை வருஷமாக என்று. ஆறு என்றேன். "ஆறு வருஷமும் எனக்குத் தெரியாம, தனியாவா முழுங்கினான்?" என்றார். போர்வையை இழுத்து அவன் காலை மூடிவிட்டார்.

மார்ச் 30

இவர் பேசினார். "நான்தான் சொல்லியிருக்கணும்" என்றார். ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 9

வீடு வந்து நாலு நாள். இன்று காலை அடுக்களையில் இருந்தேன். இந்த வீட்டில் கிசுகிசுத்தால் அவனுக்குக் கேட்காது. அத்தை கூடத்திலிருந்தே முழுத் தொண்டையில் கத்தினார். "டேய், ரெண்டு டப்பா இருக்கே, எதுடா போட்ட?"

தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காதவன், அதைவிடப் பெரிதாகச் சொன்னான். "எச்.ஐ.வி.க்குப் போட்டாச்சும்மா. சத்து மாத்திர சாப்பாட்டுக்கு அப்புறம்."

இவர் தெருப்பக்க ஜன்னலைச் சாத்த எழுந்தார்.

"தொறந்தே இருக்கட்டும்" என்றார் அத்தை. "புழுக்கமா இருக்கு."