அடுக்கின் அடியில் ஒரு கடிதம்

மார்ச் 4, செவ்வாய்

மேயரின் வாழ்க்கையை டிவி தொடராக எடுக்கிறார்கள். அவரிடம் பதினாறு வருஷம் உதவியாளராக இருந்தவள் என்று மேயரின் மகள் என்னைச் சொல்லிவிட்டாள். விவரம் சொல்ல வேண்டியது என் வேலை. அவர் அறையை அப்படியே செட் போட்டிருக்கிறார்கள். நாற்காலி மட்டும் சொத்தை; அவர் உட்கார்ந்திருந்தால் கால் முறிந்திருக்கும். டைரக்டரிடம் சொன்னேன். என் மகன் வயசுதான் இருக்கும். "சரிம்மா, சரிம்மா" என்றான். இரண்டு தடவை சொன்னால் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம்.

மார்ச் 6

என் வேடத்தில் நடிக்கிற பெண் நல்ல மாதிரி. ஆனால் நான் இவ்வளவு குனிந்து நடந்ததே இல்லை. அந்த ஆபீசில் என்னைப் பார்த்துத்தான் மற்றவர்கள் குனிந்தார்கள்.

மார்ச் 11

நடைபாலம் இடிந்த கதைக்கு வந்துவிட்டார்கள். பதினொரு பேர் செத்தார்கள். விரிசல் இருக்கிறது என்று இன்ஜினியர் முந்தின நாளே கடிதம் அனுப்பியிருந்தார். "கடிதத்தைப் பார்த்தேன், தள்ளிப்போட்டேன்" என்று விசாரணையில் மேயர் ஒப்புக்கொண்டார். பதவி போனது. மூன்று வருஷத்தில் ஆளும் போனார். ஊருக்கே தெரிந்த கதை.

இன்று அந்தப் பெண் மேயர் மேஜையில் தபால்களை அடுக்க வேண்டும், அவ்வளவுதான் காட்சி. இன்ஜினியர் கடிதம் மேலே இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் அதை எடுத்தாள். உதட்டைச் சுழித்தாள். அடுக்கின் அடியில் செருகினாள்.

டைரக்டர் வாயைத் திறக்கும் முன் நானே அவளிடம் போய்க் கேட்டேன்.

"ஏம்மா அடியில வச்சே?"

"தெரியலம்மா. கை தானா போயிடுச்சு."

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அடியில்.

மார்ச் 12

காய்ச்சல் என்று சொல்லிப் போகவில்லை. பொய்.

மார்ச் 13

எழுதித் தொலைக்கிறேன். அந்த இன்ஜினியர் அதற்கு முந்தின வாரம் நாலு பேர் முன்னால் "நீ தபால் அடுக்குறவதானே" என்று என்னைக் கேட்டான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் கடிதம் வந்ததும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் காத்துக் கிடக்கட்டும் என்று அடியில் செருகினேன். மேயர் மேலேயிருந்துதான் படிப்பார். அன்றைக்குப் பாதி அடுக்கிலேயே கிளம்பிவிட்டார். மறுநாள் காலை பாலம் இல்லை.

அவர் அந்தக் கடிதத்தைப் பார்க்கவே இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பத்தொன்பது வருஷமாக ஒருத்தரிடமும் சொன்னதில்லை — பின்னே அந்தப் பெண்ணுக்கு யார் சொன்னது? உதட்டைச் சுழித்தது வரைக்கும்?

மார்ச் 18

விசாரணைக் காட்சி. மேயராக நடிப்பவர் பழம் தின்று கொட்டை போட்டவர். "கடிதத்தை நான் பார்த்தேன்" என்ற இடம் வந்ததும் குரல் நின்றுவிட்டது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. மைக்கை மாற்றினார்கள். வெந்நீர் கொடுத்தார்கள். மற்ற வசனமெல்லாம் கணீரென்று வருகிறது, அந்த ஒரு வரி மட்டும் வரமாட்டேன் என்கிறது. பதினான்கு தடவை எடுத்துப் பார்த்தார்கள்.

சாப்பாட்டு இடைவேளையில் மேக்கப்பைக் கலைக்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"அடியில இருந்ததை நான் எப்படிம்மா பார்த்திருப்பேன்?"

அந்தப் பெண் அடியில் வைத்ததைக் கவனித்திருப்பார். நடிகர் கேட்கிற கேள்விதான். அப்படித்தானே? ஆனால் அந்தக் குரல் — ஐயோ, அந்தக் குரல்!

மார்ச் 19

டைரக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேயரின் மகளுக்கு நானே போன் செய்து சொன்னேன். அவள் பாதியில் வைத்துவிட்டாள்.

மார்ச் 24

அதே காட்சி. விசாரணையில் அவர் சொன்னது அதுதானே என்று டைரக்டர் வசனத்தை மாற்றவில்லை. "கடிதத்தை நான் பார்த்தேன், தள்ளிப்போட்டேன்." முதல் தடவையிலேயே வந்துவிட்டது. கேமராவைப் பார்க்க வேண்டியவர், சொல்லி முடிக்கும்வரை என்னையே பார்த்தார். யாரும் திருத்தவில்லை.

மகளும் வந்திருந்தாள். பேச்சு வந்த நாளிலிருந்து என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். அப்பா செத்த அன்று என் மடியில் கிடந்து அழுதவள். வாசலில் நேருக்கு நேர் வந்தோம்.

"கொஞ்சம் வழி விடுங்க, மேடம்" என்றாள்.

நகர்ந்து வழி விட்டேன்.