நீங்கள் வைக்காத கைநாட்டு

அய்யா,

இன்று காலை எதிர்வீட்டுக்காரர் குப்பையைக் கொளுத்த மண்ணெண்ணெய் ஊற்றினார். வாடை ஜன்னல் வழியே வந்ததும், எழுதிக்கொண்டிருந்த கதையை நிறுத்தி இடது உள்ளங்கையை மூடிக்கொண்டேன். நீங்கள் போய் முப்பது வருஷமாகிறது. அந்தக் கைக்கு மட்டும் இன்னும் உங்களிடம் பயம்.

யுத்த காலம் அது. மண்ணெண்ணெயை அளந்துதான் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டு டீச்சர் படித்துவிட்டுத் தரும் வாரப் பத்திரிகைகளிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்து, கோணி ஊசியால் தைத்து வைத்திருந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது. சோறு கரிவது தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் நீங்கள் துறைமுகத்திலிருந்து வந்தீர்கள். முதல் அறையிலேயே உதடு கிழிந்தது. கட்டு முழுவதையும் முற்றத்தில் எறிந்து, விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயை ஊற்றிப் பற்றவைத்தீர்கள். நான் நெருப்புக்குள் கையை விட்டேன். பக்கம் ஒன்றுகூடத் தப்பவில்லை. கையின் தோல்தான் உரிந்து வந்தது. "வாசிச்சு வாசிச்சுத்தான் ஒனக்குக் காதே கேக்க மாட்டேங்கு" என்றீர்கள். அம்மாவை அடித்ததும் அதே கைதான். அதை மறைத்துவிட்டு உங்களை நினைக்க எனக்கு வராது.

மறு வருஷம் மாசானத்தைக் கொன்றார்கள். கப்பல்கள் கரையிலிருந்து தொலைவில் நிற்க, உப்பு மூட்டைகளைத் தோணியில் கொண்டுபோய் ஏற்றுவீர்கள். உங்களோடு ஒரே தோணியில் மூட்டை தூக்கியவர் மாசானம். காய்ச்சலில் மூட்டையைத் தவறவிட்டவரை, மேஸ்திரி இரும்புக் கொக்கியால் தலையில் அடித்தான். கரை சேருமுன் உயிர் போய்விட்டது.

மூன்றாம் நாள் மேஸ்திரி இரண்டு அடியாட்களோடு நம் வீட்டுக்கு வந்தான். கையில் எழுதிய காகிதம், மைப்பெட்டி. தோணியிலிருந்த மற்ற எல்லோரும் கைநாட்டு வைத்துவிட்டார்கள், நீங்கள்தான் பாக்கி என்றான். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"எம் மவ வாசிக்கட்டும்."

வாசித்தேன். பெரிய அலை எழுந்ததாம், தோணி சாய்ந்ததாம், மாசானம் கால் வழுக்கி நங்கூரத்தில் விழுந்தாராம். நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஒரு கணம் நானே நம்பினேன், அய்யா. வாசிக்கும்போது மேஸ்திரி என்னை முறைத்தபடி இருந்தான். சில வரிகளை விழுங்கியிருந்தால் உங்கள் கை பிழைத்திருக்கும். எனக்கு அப்போது அது தோன்றவில்லை.

"மேஸ்திரி, கடலு அன்னைக்குத் தூங்கிக் கிடந்துச்சு. எந்த அலை அவனைத் தள்ளுச்சு?" என்று கேட்டீர்கள்.

அடியாட்கள் உங்களைக் கீழே தள்ளி வலது கையை மைக்கு இழுத்தார்கள். நீங்கள் விரல்களை இறுக மடக்கிக்கொண்டீர்கள். மேஸ்திரி அந்த முஷ்டியை வாசற்படியில் வைத்து, அம்மிக் குழவியால் நசுக்கினான். மூன்று முறை. எலும்பு உடைந்த சத்தம் கேட்டு அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் மையில் அழுத்த உருப்படியான பெருவிரல் இல்லை. காகிதத்தில் ரத்தம்தான் அப்பியது. உங்கள் விலாவில் மிதித்துவிட்டுப் போனார்கள்.

கைக் காயத்தால் வந்த காய்ச்சல் விட்டதும், நீங்கள் சொல்லச் சொல்ல நான் கலெக்டருக்கு மனு எழுதினேன். "மாசானம் தண்ணி கேட்டான். மேஸ்திரி பாத்துக்கிட்டு நின்னான். பயத்துல நான் கொடுக்கல. அதையும் எழுது" என்றீர்கள். கண்ணை மூடும்போது மாசானம் என்ன நினைத்திருப்பார் என்று கேட்டேன். "அது எனக்கு எப்படித் தெரியும்? மனுவுல அது வேண்டாம்" என்றீர்கள்.

மனுவுக்குப் பதிலே வரவில்லை. மேஸ்திரி மேஸ்திரியாகவே இருந்தான். மனுவில் வேண்டாம் என்று நீங்கள் தள்ளியதைத்தான் நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினேன். பேரை மாற்றினேன், சாகிறவனின் மனசுக்குள் போய்ப் பார்த்தேன். எழுத எழுத, ஒரு கூட்டாளி அவன் தலையை மடியில் வைத்துத் தண்ணீர் கொடுத்தான்.

சுதந்திரம் வந்த பிறகு ஒரு வாரப் பத்திரிகை அதை அச்சிட்டது. உங்களுக்கு வாசித்துக் காட்டினேன். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு, என்னைக் கூட்டிக்கொண்டு வேம்பாருக்கு பஸ் ஏறினீர்கள். மாசானத்தின் மனைவி பேச்சி அங்கே உப்பளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பளக் கரையில் உட்கார்ந்து முழுக் கதையையும் வாசித்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நெசமாவே அவுக தண்ணி குடிச்சாகளா?"

பொய்க் காகிதத்தில் கைநாட்டு வைக்காமல் கையையே பலிகொடுத்த மனிதர் நீங்கள்.

"குடிச்சான். எங் கையாலதான் கொடுத்தேன்" என்றீர்கள்.

அவள் முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதாள். கணவர் செத்ததற்குப் பின் அவள் அழுதது அன்றுதான் என்று பக்கத்தில் நின்ற அவள் மகள் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதில் அவளுக்காகவா, உங்களுக்காகவா என்று கேட்க வாயெடுத்தேன். இத்தனை கதைகள் எழுதிய பிறகும் எனக்கு அது தெரியவில்லை. நான் கேட்குமுன் நீங்களே சொன்னீர்கள்: "ஏளா, அவகிட்ட என்னைக்கும் மாத்திச் சொல்லிராத."

அவள் சாகும்வரை நான் சொல்லவில்லை, அய்யா.