பத்தில் எட்டு

ஜூன் 4

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமா?

உன் ஆபீஸிலிருந்து நீ அனுப்பிய பத்து லேப்டாப்பும் வந்து சேர்ந்தன. முன்னறைக் கட்டிலைப் பின்கட்டில் தள்ளிவிட்டு வகுப்பைத் தொடங்கிவிட்டேன். பதினான்கு பேர் வருகிறார்கள். பள்ளி முடித்துவிட்டு வேலையில்லாமல் வயலுக்கும் வீட்டுக்கும் நடக்கிற பிள்ளைகள். மவுஸைக் கோழிக்குஞ்சு மாதிரி பயந்து பயந்து பிடிக்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் கம்ப்யூட்டர் தேர்வு. தேறினால்தான் வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியும்.

அதற்குள் இரண்டு மெஷின் படுத்துவிட்டன. மற்றவை முக்கி முனகி ஓடுகின்றன. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள், நானும் பார்க்கவில்லை.

அக்கா

ஜூன் 20

அன்பு அக்காவுக்கு,

படுத்த மெஷினோடு மல்லுக்கட்டாதே. போன வருஷம் நெஞ்சுவலியோடு நீ தனியாகக் கிடந்த அந்த நாலு மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை. இங்கே எங்கள் வீட்டில் உனக்காக ஓர் அறை ஒழித்து, பெயின்ட் அடித்து வைத்திருக்கிறோம். மெஷின் நின்றால் வகுப்பும் நிற்கட்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நீயா பொறுப்பு? வருகிற தேதியை மட்டும் எழுது.

குட்டி

ஜூலை 2

குட்டி,

அழித்த கோப்பைத் திரும்ப எடுப்பது எப்படி என்று நேற்றுப் பாடம் நடத்தினேன். குப்பைத் தொட்டிப் படத்தைத் திறக்கச் சொன்னேன். ஏழாம் மெஷினில் வாயாடி உட்கார்ந்திருந்தாள். கண்ணில் பட்டதையெல்லாம் சத்தமாகப் படிக்கிற பெண் அவள். நம் அண்ணனுக்கு அந்த மெஷினிலேயே நீ எழுதி அழித்த கடிதம் அதில் கிடந்தது, அதைப் படித்தாள்.

"அண்ணா, அக்கா சொன்னா கேக்க மாட்டா. நல்ல மெஷினும் இருக்கு, ஆனா இருக்கிறதுலயே பழசா பாத்து பத்து அனுப்பப் போறேன். ரெண்டு மாசம் தாங்காது. வெறுத்துப்போய் அவளே கெளம்பி வந்துடுவா."

"யாரு டீச்சர் இது?" என்றாள். பதினான்கு தலையும் என் பக்கம் திரும்பின. தெரியாது என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் முன்னால் என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டாயே.

பாசத்தில்தான் செய்தாய், தெரிகிறது. அந்தப் பிள்ளைகள் உனக்கு என்ன கெடுதல் செய்தார்கள்?

அக்கா

ஜூலை 9

அக்கா,

பயத்தில் புத்தி கெட்டுப் போய்ச் செய்துவிட்டேன். என்ன வேண்டுமானாலும் திட்டு, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

குட்டி

செப்டம்பர் 12

அன்புள்ள குட்டிக்கு,

உடனே எழுத மனசு வரவில்லை. எழுதியிருந்தால் தேளாய்க் கொட்டியிருப்பேன்.

ஒன்பது பேர் தேறிவிட்டார்கள். செத்த இரண்டு மெஷினைப் பிரித்துப் போட்டு, அந்தப் பாகங்களை வைத்தே வாயாடி மற்ற எட்டையும் கடைசிவரை ஓட வைத்தாள். அவளும் தேறினாள்.

நேற்று விடைபெற வந்தவள் ஏழாம் மெஷினைத் திறந்தாள். "டீச்சர், உங்க தங்கச்சி லெட்டர அழிச்சிடவா?" என்றாள். தெரியாது என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. இரண்டு மாதமாக ஒருவரும் காட்டிக்கொள்ளவும் இல்லை.

அழித்துவிடு என்றேன்.

நெஞ்சு இப்போதும் சில நாள் பிடிக்கிறது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் அந்த அறையை வேறு எதற்காவது வைத்துக்கொள், நான் வரவில்லை. அடுத்த வகுப்புக்கு இருபது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மனசிருந்தால் லேப்டாப் அனுப்பு. இந்த முறை பல்லைப் பிடித்துப் பார்ப்பேன்.

அக்கா