சம்மட்டிக்கு எட்டாத அண்ணன்

1971, பங்குனி, செவ்வாய் இரவு.

இன்று மாரண்டஹள்ளிக் கிணற்றுக்குள் அண்ணனின் வலது கையை நசுக்கிவிட்டேன். வெடி வைக்கப் பாறையில் குழி போட்டுக்கொண்டிருந்தோம். அவன் உளி பிடிக்க, நான் சம்மட்டி அடித்தேன். உளி பிடிப்பவன் சம்மட்டியை நிமிர்ந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் கை நடுங்கும். அதுதான் எங்கள் வழக்கம்.

திடீரென்று அண்ணன் சுண்டெலி அளவுக்குச் சுருங்கி, எங்கோ தூரத்தில் உட்கார்ந்திருந்தான். என் கைகள் மட்டும் பனைமரமாய்ப் பருத்திருந்தன. சம்மட்டி அவ்வளவு தூரம் எட்டாது என்று எக்கி, பலங்கொண்ட மட்டும் அடித்தேன். எலும்பு நொறுங்கிய சத்தம் மட்டும் காதருகே கேட்டது.

சாயங்காலம் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவனிடம் உண்மையைச் சொன்னேன். "நீ எலியாட்டம், ரொம்பத் தூரத்துல தெரிஞ்சண்ணா."

இடது கையால் என் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். முகத்தோடு முகம் வைத்துக் கேட்டான். "இப்ப எவ்ளோ பெருசாத் தெரியறேன், சொல்லு."

உதட்டு ரத்தம் இந்தத் தாளிலும் சொட்டுகிறது.

"நாளைக்கு நீ உளி புடி. நான் அடிக்கறேன்" என்றான்.

சரி என்று சொல்லிவிட்டேன். இடது கையில் அவனுக்குக் குறி நிற்காது. இன்று அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. நாளைக்கு நானும் பார்க்கக் கூடாது.