வெள்ளிக்கிழமைப் பட்டினி

ஜூலை 5, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் முன்வரிசையில் நின்றவர்களை எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாரும் நான் அங்கே இல்லை என்று சொல்லக் கூடாது. போதகர். போதகர் மனைவி. ஆலயச் சாவி வைத்திருக்கிற சாவிக்காரர். நான் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்துக் கொடுக்கிற தையல்கடைக்காரர். என் மருமகள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேத்தி. வாசற்படியில் என் மகன். அவன் உள்ளே வரமாட்டான், வந்தால் கால் சுட்டுவிடும். கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்த என் அக்கா. நான்.

இன்று முதல் நாற்பது நாள் உபவாசம். ஆளுக்கு ஒன்றை விட்டுவிட வேண்டும். போதகர் ஆளுக்கொரு எண்பது பக்க நோட்டும் கொடுத்தார். கர்த்தர் நம்மிடத்தில் எதைத் திருத்துகிறாரோ அதைத் தினமும் எழுத வேண்டுமாம். கடைசிப் பக்கத்தில், மன்னிக்க வேண்டியவர்கள் பேர். நாற்பது நாள் முடிந்து, மறுநாள் கூட்டத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட வேண்டும்.

பிறகு என்னைக் கை காட்டினார். "பசியை எப்படி ஜெயிக்கிறதுன்னு நம்ம வெள்ளிக்கிழமை அம்மாகிட்ட கேளுங்க. இருபத்துமூணு வருஷம்! ஒரு வெள்ளிகூட தவறல!"

எல்லாரும் திரும்பினார்கள். அக்காவும் திரும்பினாள். எனக்கு அது போதும்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துப்பிழை இருந்தால் கர்த்தர் திருத்திக்கொள்ளட்டும்.

ஜூலை 6, திங்கள்

இன்று கர்த்தர் என்னிடம் எதையும் திருத்தவில்லை. தையல்கடைக்காரரிடம் திருத்த வேண்டியது நிறைய இருக்கிறது. பதினான்கு சட்டைக்குக் காஜா எடுத்துக் கொண்டுபோனேன். ஓட்டை பெரிசு என்றார். "கண்ணு மங்கிப் போச்சா பெரியம்மா?"

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நீ வாங்கின பட்டன்தான் பசியில இளைச்சுப் போச்சு" என்றேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் கடைப் பெண்கள் முன்னால் என்னைக் கிழவி என்று சொன்னவர் இவர். மறக்கவில்லை.

நான் தேநீருக்குச் சர்க்கரையை விட்டேன். போதகர் மனைவி டிவியை விட்டாராம். அவர்கள் வீட்டு டிவி கெட்டு ஒரு மாசம் ஆகிறது.

ஜூலை 8, புதன்

நோட்டு நிறைய வேண்டும் என்கிறார்கள். நிறைக்கிறேன்.

இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, பகல் ஒன்றரை மணி. அக்கா வீட்டுக் கூடம். சுவருக்குப் புதிதாகப் பச்சை அடித்திருந்தார்கள், வாசனை போகவில்லை. என் வீட்டுக்காரர் போய் ஐந்து மாசம். மகனுக்கு ஒன்பது வயது. வீட்டு ஜெபம் முடிந்து சாப்பாடு. அவன் இரண்டாம் தரம் சோறு கேட்டான். அக்கா கரண்டியோடு நின்றாள். தன் நாத்தனாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஜெபத்துக்கு வர்றவங்க கொஞ்சம், சாப்பாட்டுக்கு வர்றவங்கதான் அதிகம்." நாத்தனார் சிரித்தாள். அவள் முன்பல்லில் கீரை ஒட்டியிருந்தது.

நான் கைகூடக் கழுவாமல் எழுந்து, பிள்ளையை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை தட்டு முன்னால் உட்கார்ந்தேன். தொண்டையில் இறங்கவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இறங்கவில்லை. பிறகு இறங்கும்போலத்தான் இருந்தது, நான் இறக்கவில்லை. அவள் சொன்ன சொல் செத்துப் போய்விடக் கூடாது. அதற்கு வாரம் ஒரு நாள் என் பசியைத் தின்னக் கொடுத்தேன்.

அப்போதிருந்த பழைய போதகர் ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தார். நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பதைப் பார்த்து, "உபவாசமாம்மா?" என்றார். தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா? அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் நான்தான். அன்றைக்கு வந்ததுதான் இந்த வெள்ளிக்கிழமை அம்மா என்கிற பேர்.

பசித்த வயிற்றோடு நான் ஒரு நாளும் ஜெபித்ததில்லை. அக்காவைத் திட்டியிருக்கிறேன். அதை மட்டும் விடாமல் செய்திருக்கிறேன்.

ஜூலை 10, வெள்ளி

பட்டினி. தலைவலி. அக்கா.

ஜூலை 11, சனி

மருமகள் பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப் அடிக்கிறாள். அவள் டிபன் டப்பாவைக் கழுவ எடுத்தேன். நேற்றுப் போட்ட சோறு அப்படியே இருந்தது. அவளுக்கு நாலு மாசம். பேத்திக்குப் பிறகு ஒன்று தங்காமல் போய், இப்போது ஏழு வருஷம் கழித்து வந்திருக்கிறது.

"என்னம்மா இது?" என்றேன்.

முகம் சிவந்துவிட்டது. "நானும் வெள்ளிக்கிழமை எடுத்திருக்கேன் அத்தை. தண்ணிகூட இல்லாம. இந்தப் பிள்ளை தங்கணும்னு."

"உனக்கெதுக்கு அதெல்லாம்? வயித்துல ஒண்ணு இருக்குல்ல?"

"நீங்க இருபத்துமூணு வருஷமா இருக்கீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? உங்களைப் பார்த்துத்தானே எனக்கு விசுவாசமே வந்துச்சு."

பேத்தி குறுக்கே வந்தாள். அவளுக்கு வாய் என்னைப்போல. "நானும் வெள்ளிக்கிழமை கணக்குப் பாடத்தை விட்டுட்டேன் பாட்டி. கர்த்தருக்காக." சிரித்தோம். சிரிப்பில் பேச்சு போய்விட்டது.

நானும் போகட்டும் என்று விட்டேன்.

ஜூலை 14, செவ்வாய்

மருமகளோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தமே இல்லையே. வேளா வேளைக்குச் சாப்பிடணும், ஒரு வேளைகூட விடக் கூடாது" என்றாள். மருமகள் சரி சரி என்றாள். வெளியே வந்து, "அவங்களுக்கு என்ன தெரியும் அத்தை" என்றாள்.

வழியில் போதகர் வந்தார். வரும் ஞாயிறு நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். உபவாசம் என்னை எப்படி உருவாக்கியது என்று பத்து நிமிஷம். "உங்க அக்காகூட வர்றேன்னு சொல்லியிருக்காங்க."

சரி என்றேன்.

வீடு வரைக்கும் மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். அம்மாடி, அது உபவாசம் இல்லை, வெறும் கோபம், நீ சாப்பிடு என்று. சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? தெருமுனையிலிருந்து வாசல் வரைக்கும் நேரம் இருந்தது.

ஞாயிறு முடியட்டும். அக்கா முதல் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கட்டும். திங்கள்கிழமை இவளிடம் சொல்லிக்கொள்கிறேன்.

ஜூலை 17, வெள்ளி

காலையில் எல்லாருக்கும் சோறு வடித்தேன். ஒரு தட்டில் போட்டு மருமகள் முன்னால் வைத்தேன். "சாப்பிட்டுட்டு வேலைக்குப் போ. நர்ஸ் சொன்னது காதுல விழலையா?"

சிரித்தாள். தலை வாரிக்கொண்டே, "நீங்க ஒரு வாய் சாப்பிடுங்க, நானும் சாப்பிடுறேன்" என்றாள்.

விளையாட்டுக்குச் சொன்னாள். விளையாட்டு மாதிரித்தான் இருந்தது. சோறு இரண்டு பேருக்கும் நடுவில் ஆவி பறந்துகொண்டு இருந்தது. நான் தட்டைப் பார்த்தேன். இருபத்துமூன்று வருஷம், ஒரு வெள்ளிகூடத் தவறவில்லை. ஞாயிற்றுக்கு இரண்டு நாள்தான்.

"என் வழக்கத்தை மாத்த முடியாதும்மா" என்றேன்.

"அப்ப என் வழக்கத்தையும்" என்று பையை எடுத்துக்கொண்டு போனாள்.

தட்டை மூடி வைத்தேன்.

ஜூலை 18, சனி

நேற்று மாலை மருமகள் பேருந்து நிறுத்தத்தில் விழுந்துவிட்டாள். படிக்கட்டு விளிம்பில் வயிறு இடித்தது. மகன் பட்டறையிலிருந்து, முகத்தில் வெல்டிங் கண்ணாடியோடு ஓடி வந்தான். அதைக் கழற்றவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்படியே நின்றான்.

பிள்ளை இல்லை.

ஜூலை 19, ஞாயிறு

சாட்சி சொல்லப் போகவில்லை.

ஜூலை 21, செவ்வாய்

டாக்டர் அம்மா சொன்னாள், "இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. விழுந்ததும் ஒரு காரணம். ஆனா உடம்புல ஒண்ணுமே இல்ல. ஏன் சாப்பிடல?" மகன் என்னைப் பார்த்தான். அவனும் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போதகர் வந்து கட்டில் பக்கத்தில் நின்று, சொந்தப் பிள்ளையைத்தானே தகப்பன் கண்டிப்பார், இதையும் அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்ளம்மா என்றார். நல்ல மனுஷன். அவருக்கும் வேறு என்ன தெரியும்.

அவர் போன பிறகு மருமகள் என்னைக் கிட்டே கூப்பிட்டாள். குரலே இல்லை.

"அத்தை, யார்கிட்டயும் சொல்லாதீங்க. வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு ஆபீஸ்ல ரெண்டு பிஸ்கட் சாப்பிட்டுட்டேன். கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, தாங்க முடியல. அதான் கர்த்தர் எடுத்துக்கிட்டார்."

ரெண்டு பிஸ்கட். என் கர்த்தாவே. ரெண்டு பிஸ்கட்டுக்கா நீ— இல்ல, உன்னை ஏன் கேக்கணும். என்னை அடிச்சிருக்கலாமே. இந்த வயசுல என்னை அடிச்சா யாருக்கு நஷ்டம்? தப்பு பண்ணினவ முதுகு இங்கேயே இருக்கே, பார்த்து அடிக்கத் தெரியாதா உனக்கு?

தெரியும். தெரிந்துதான் அடித்திருக்கிறார். என் முதுகு தாங்கும் என்று அவருக்குத் தெரியும், அதனால்தான் அதை விட்டுவிட்டார்.

ஜூலை 24, வெள்ளி

சாப்பிட்டேன். ஆஸ்பத்திரியில், அவள் பார்க்க, பகல் ஒன்றரை மணிக்கு. ரொட்டியும் பாலும். மணல் மாதிரி இறங்கியது. அவள் கண் விரிந்தது.

எல்லாம் சொன்னேன். பச்சைச் சுவர், கரண்டி, நாத்தனார் பல், நான் ஆட்டின தலை, போன வெள்ளி மூடி வைத்த தட்டு. ஒன்று விடவில்லை. என் ஞாபகம்தான் ஊருக்கே தெரியுமே. ஒரு நாளும் ஜெபிக்கவில்லை, கர்த்தருக்கும் அந்தப் பட்டினிக்கும் சம்பந்தமே இல்லை, நீ சாப்பிட்ட ரெண்டு பிஸ்கட்டில் பாவமும் இல்லை என்றேன்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூலை 27, திங்கள்

அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. அத்தை என்று கூப்பிடுவதில்லை. "இந்தாங்க", "எடுத்துக்கோங்க", அவ்வளவுதான். பேத்தி என்னிடம் வந்து, "அம்மாவும் நீங்களும் டூவா?" என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

அக்கா வீட்டுக்கு வந்தாள். இருபத்துமூன்று வருஷத்தில் முதல் தரம் என் படியேறுகிறாள். முழங்கால் வீங்கி, இரண்டு இடத்தில் நின்று நின்று ஏறினாள்.

பார்த்ததும் கேட்டுவிட்டேன். அன்றைக்குச் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா?

"நான் என்னடி சொன்னேன்?" என்றாள். நடிக்கவில்லை. அவள் நடித்தால் எனக்குத் தெரியும். "நீ பாதியில எழுந்து போனது ஞாபகம் இருக்கு. பிள்ளைக்கு உடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன். உன் தட்டை மூடி வச்சு சாயந்தரம் வரைக்கும் பார்த்துக்கிட்டு இருந்தேன். நீ வரல. அப்புறம் நீயா பேச்சை நிறுத்திட்ட. புருஷன் போன துக்கம்னு விட்டுட்டேன்."

அவளும் ஒரு தட்டை மூடி வைத்திருக்கிறாள்.

நான் சொல்லிக் கொடுத்தேன், கரண்டியை எந்தக் கையில் வைத்திருந்தாள் என்பது வரைக்கும். கேட்டு அழுதாள். "சொல்லியிருப்பேன்டி. என் வாய் அப்படித்தான். வந்து ரெண்டு அறை விட்டிருக்கலாமே நீ."

ஆமாம். அறைந்திருக்கலாம். அன்றைக்கே முடிந்திருக்கும்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

போதகரிடம் போய்ச் சொன்னேன். என்னை முன்மாதிரி என்று இனிச் சொல்ல வேண்டாம், ஏன் என்றும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். "இதைச் சபையில சொல்ல வேண்டாம்மா. எத்தனையோ பேர் உங்களைப் பார்த்து ஆரம்பிச்சிருக்காங்க. உடைஞ்சு போயிடுவாங்க" என்றார்.

எத்தனையோ பேர். ஒருத்திதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் சோறு போட்டு மருமகளைக் கூப்பிட்டேன். இன்றைக்கு எனக்கு வேண்டாம் என்றாள். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறாளே, வெறும் வயிற்றில் எப்படிப் போடுவாய் என்றேன். முதல் தரமாக என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"நீங்க கோபத்துல இருந்தீங்க. நான் விசுவாசத்துல இருக்கேன். அது வேற, இது வேற."

கெஞ்சினேன். தட்டை எடுத்து ஊட்டப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். மகன் வாசலில் நின்று பார்த்தான். "விடும்மா" என்றான். "நீ ஆரம்பிச்சது."

ஆகஸ்ட் 12, புதன்

காஜா எடுத்த சட்டைகளைக் கொண்டுபோனேன். தையல்கடைக்காரர் ஓட்டை பெரிசு என்றார். ஆமாம் என்றேன். அவர் பயந்துவிட்டார்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

நாற்பது நாள் நேற்றோடு முடிந்தது. சாயந்தரம் கூட்டம். போதகர் தகரப் பெட்டி ஒன்றை முன்னால் வைத்திருப்பாராம், அதில் கிழித்துப் போட வேண்டும்.

கடைசிப் பக்கத்தை எடுத்தேன். முதலில் அக்கா பேர் எழுதி, அதன்மேல் கோடு போட்டேன். அவளை மன்னிக்க இப்போது என்னிடத்தில் ஒன்றும் மிச்சமில்லை. கீரைப் பல் நாத்தனார், செத்துப் போனாள், கோடு. கிழவி என்ற தையல்கடைக்காரர், கோடு. தலையாட்டினதைத் தப்பாகப் பார்த்த பழைய போதகர், சபையில் சொல்லாதே என்ற இந்தப் போதகர், இரண்டு பேருக்கும் கோடு. வாசலில் நின்று அந்த ஒரு வார்த்தை சொன்ன மகன். அவன் பேரை எழுதவே இல்லை. அவன் சொன்னது சரி.

பகல் ஒன்றரை மணிக்கு நான் சாப்பிட்டேன். மருமகள் உள் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, முழங்காலில். தண்ணீர்கூட இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மூன்றாவது வெள்ளி இது. பேத்தி கதவோரம் உட்கார்ந்து தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடு கண்ணு என்றேன்.

"அம்மா எழுந்திரிக்கட்டும் பாட்டி" என்றாள்.

பக்கத்தின் அடியில் ஒரு பேர் கோடு போடாமல் இருக்கிறது. கிழித்து எடுத்துக்கொண்டு போகமாட்டேன், பெட்டியில் போடமாட்டேன். நோட்டிலேயே இருக்கட்டும். கர்த்தர் அவளை மன்னித்தால் அது அவர் இஷ்டம். நான் மன்னிக்கமாட்டேன்.

அந்தப் பேர், வெள்ளிக்கிழமை அம்மா.