அண்ணன் பெயருக்குத் தண்ணீர்

செம்மநத்தம்,
2.5.1984

அன்புள்ள அண்ணன் குழந்தைவேல் அவர்களுக்கு, தம்பி சின்னையன் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நானும் கண்ணாயியும் பிள்ளைகளும் நலம். ஆவடியில் நீங்களும் அண்ணியும் நலமாயிருக்கச் சேர்வராயனை வேண்டுகிறேன்.

மாசி மழையில் காப்பி நன்றாகப் பூத்தது. ஆரஞ்சு மரங்கள்தான் நோயில் போய்விட்டன. அப்பா வைத்ததில் கிணற்றோரத்து மரம் ஒன்றே மிச்சம். அதுவும் சிறுத்துத்தான் காய்க்கிறது.

அண்ணா, நம் அப்பா தலையில் உருமால் கட்டி ஊர்ப் பட்டக்காரராக நடந்த திருவிழாக்கள் ஞாபகமிருக்கிறதா? அவர் கைக்கு வெற்றிலை போகாமல் தேர் நகராது. நீங்கள் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போவீர்கள். அடுத்த பட்டம் என்று கூட்டம் உங்களுக்கு வழிவிடும். தோள்மேல் இருந்த நான், எனக்குத்தான் வழிவிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பு என்னை விட்டுப் போகவே இல்லை.

இப்போது பட்டக்காரனாகச் சேர்வராயன் கோயிலுக்கு மலையேற முழங்கால் வலியால் என்னால் முடியவில்லை. பட்டத்தை மகன் மாதேஸ்வரனுக்குக் கட்டச் சொல்லி ஊரைக் கேட்டேன். மூத்தவர் உயிரோடு இருக்கும்போது இளையவன் பிள்ளைக்குக் கட்ட வழக்கமில்லை என்றார்கள். நீங்கள் நேரில் வந்து உங்கள் கையால் கட்டிவிட வேண்டுமாம். இல்லையென்றால் உங்களைச் செத்தவர் கணக்கில் சேர்த்து, உங்கள் பெயர் சொல்லி ஓடையில் நான் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். ஊற்றிவிடலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்தேன். மறைக்க மாட்டேன்.

கண்ணாயிதான் கேட்டாள். “ஏனுங்க, உசுரோட இருக்கறவங்களுக்குத் தண்ணி ஊத்திப்போட்டு, அந்த உருமாலை எம்பையன் தலையில கட்டோணுமா?”

அன்றுதான் எனக்கு உறைத்தது. அப்பா இறந்தபோது உங்களுக்குத் தந்தி கொடுத்துவிட்டதாக ஊரில் சொன்னேன். கொடுக்கவில்லை. அண்ணன் வேலையை விட்டு வரமாட்டாராம் என்று சபையில் சொன்னதும் நான்தான். பதினாறாம் நாள் எனக்கு உருமால் கட்டினார்கள். அதற்குப் பிறகுதான் உங்களுக்குக் கடிதம் போட்டேன். நீங்கள் ஓடி வந்தீர்கள். என் தலையில் சரிந்திருந்த உருமாலை நேராக்கிவிட்டு மத்தியான பஸ்ஸுக்கே திரும்பிவிட்டீர்கள். அன்றைக்கு என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம் அண்ணா. இந்த இருபத்து மூன்று வருஷம் இத்தனை கனமாக இருந்திருக்காது.

போன வெள்ளிக்கிழமை சபையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பங்காளி சென்றாயன் காறித் துப்பினான். உருமாலை வாங்கிக் கோயில் பெட்டியில் பூட்டிவிட்டார்கள். மாதேஸ்வரன் என்னோடு பேசுவதில்லை. பட்டம் குழந்தைவேலுக்கு உரியது, திருவிழாவுக்குள் அவர் வராவிட்டால் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பங்காளி வீட்டுக்குக் கொடுப்போம் என்று முடிவாகிவிட்டது. தண்ணீரைத் தம்பிதான் ஊற்ற வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

பட்டம் யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும். உங்களுக்கு வேண்டாமென்றால் அதையும் நீங்களே வந்து சொல்லுங்கள். நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. கேட்பது ஒன்றுதான். உயிரோடிருக்கும் உங்களை இந்த ஊருக்கு ஒருமுறை இல்லாமல் ஆக்கிவிட்டேன். இன்னொரு முறை அதை என் கையால் செய்ய விட்டுவிடாதீர்கள். வாருங்கள் அண்ணா.

உங்கள் காலைத் தொட்டு,
தம்பி சின்னையன்